அரை டிகிரி

கருமுட்டை வெளியான மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு பெண்ணின் உடம்புச் சூடு லேசாக ஏறும். ஏறத்தாழ அரை டிகிரி ஃபாரன்ஹீட். சிலருக்கு ஒரு டிகிரி வரை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் தெரியாது. அவளுக்கே தெரியாது. இரண்டு வாரம்போல அந்த மட்டத்தில் நின்றுவிட்டு, மாதவிலக்கு வரும் சமயத்தில் இறங்கிவிடும். கரு தங்கியிருந்தால் இறங்காது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்கள் மூன்று நான்கு தலைமுறையாக இந்த அரை டிகிரியைத்தான் விடியற்காலையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் தேடினார்கள். 1980களின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் என் சித்தி. இப்போது சென்னையில் என் அண்ணன் மகள். இரண்டு பேரின் கிராஃபையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்று பழுப்பேறிய காகிதம், இன்னொன்று போன் திரை. கோடு இரண்டிலும் ஒரே மாதிரிதான் படியேறுகிறது. அதைச் சுற்றியிருந்த வீடும் மனிதர்களும்தான் வேறு.

சித்திக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "வயித்துல புழு பூச்சி ஏதாவது உண்டா?" என்று கேட்காத வாய் கிடையாது. கடைசியில் லேடி டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அந்த அம்மா பரிசோதித்துவிட்டு அச்சடித்த ஒரு கட்டத்தாளைக் கொடுத்தார். கீழே தேதி, பக்கவாட்டில் 97லிருந்து 99 வரை எண்கள். ராத்திரியே தெர்மாமீட்டரை உதறித் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரு வாய் தண்ணீர் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து, பிறகு பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில்.

டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. உடம்புச் சூடு விடியலுக்குச் சற்று முன்தான் ஆகக் குறைவாக இருக்கும். எழுந்து நடமாடினால் ஏறிவிடும். ஒரு மணி நேரம் பிந்தி எடுத்தாலும் கணக்கு மாறும். தேடுவதே அரை டிகிரி என்பதால் அந்தச் சின்ன மாறுதலும் கிராஃபைக் குழப்பிவிடும்.

ஆனால் அது கூட்டுக் குடும்பம். நாலரை மணிக்கு மாமியார் கூடத்தில் எழுந்து உட்கார்ந்து இருமினால், அந்த இருமல் அடங்குவதற்குள் மருமகள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் விழித்த பிறகும் ஐந்து நிமிடம் படுத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை டாக்டர் கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. "இன்னும் எழுந்திருக்கலையா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். வாயில் தெர்மாமீட்டர். பதில் சொல்ல முடியாது. "கேக்குறேன், வாயைத் தொறக்குறாளா பாரு" என்று அடுத்த குரல் வரும். மருமகளுக்குத் திமிர் என்று பேராகிவிட்டது. சித்தப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார். அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் ஆனதும் ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் கண்ணாடிக் குழாயை உருட்டி உருட்டிப் பாதரசக் கோட்டைப் பிடிக்க வேண்டும். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் சாதாரண தெர்மாமீட்டரில் ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.2 டிகிரி. அரை டிகிரி என்றால் இரண்டரைக் கோடு. இந்த வேலைக்கென்றே 96லிருந்து 100 வரை மட்டும் அகலமாகக் கோடு போட்ட தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளில் இருந்தன. சித்தி கைக்கு வந்தது காய்ச்சல் தெர்மாமீட்டர்தான்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. கணவனும் மனைவியும் சேர்ந்திருந்த நாள்களைத் தாளில் வட்டமிட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தத் தாள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால்? சித்தி அதை டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்திருந்த நியூஸ் பேப்பருக்குக் கீழே வைத்திருந்தார். தன் உடம்பைப் பற்றிய கணக்கைத் தன் வீட்டிலேயே திருட்டுப் பொருள்போல ஒளித்து வைத்திருக்கிறார். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

இந்தக் கணக்கு எதற்காகத் தொடங்கியது என்பதைப் பார்த்தால் வருத்தம் இன்னும் கூடும். ஜெர்மனியின் வுண்டர்லிஷ் 1868இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் தொகுத்து நூலாக்கி, 37 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணை நிலைநாட்டியிருந்தார். அதே 1860களில் இங்கிலாந்தின் ஆல்பட், ஓர் அடி நீளத்துக்கு இருந்த தெர்மாமீட்டரை ஆறு அங்குலத்துக்குக் குறைத்துச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தார். அதற்கடுத்த சில வருடங்களில் அமெரிக்காவில் ஒரு வாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது: பெண்கள் மாதவிலக்கு நாள்களில் ஓய்வெடுத்தே ஆக வேண்டுமா, உயர்கல்வி அவர்கள் உடம்பைக் கெடுத்துவிடுமா என்று. நியூயார்க்கைச் சேர்ந்த மேரி புட்னம் ஜக்கோபி என்ற பெண் மருத்துவர், பெண்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்து விவரம் சேகரித்தார். நாடித் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் அளந்து எழுதினார். கட்டாய ஓய்வு தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அந்த அளவுகளை வைத்தே வாதிட்டார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களை மாணவிகளாகச் சேர்ப்பதில்லை. மாதம் முழுவதும் பெண்ணின் வெப்பம் ஏறி இறங்குவதைக் கவனித்துப் பதிந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். பெண் படிக்கலாம், வேலை செய்யலாம் என்று நிறுவ எடுத்த அளவு அது. நூறு வருடம் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு பெண்ணைக் காலையில் குற்றவாளிபோலப் படுக்க வைத்திருந்ததும் அதே அளவுதான்.

மீதிக் கதை வேகமாக நகர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு மருத்துவர் வான் டி வெல்டே இந்த இரண்டு படி அமைப்பைச் சினைப்பையோடு தொடர்புபடுத்தினார். 1924இல் ஜப்பானின் நீகாட்டா நகரத்து மருத்துவர் ஓகினோ, கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு என்று பின்னோக்கிக் கணக்கிட்டார். 1929இல் ஆய்வாளர்கள் கார்னரும் ஆலனும் புரொஜெஸ்ட்ரோனை அடையாளம் கண்டார்கள். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு சுரக்கும் இந்த ஹார்மோன், மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சற்று மேலே திருப்பி வைக்கிறது. அரை டிகிரிக்குக் காரணம் அதுதான்.

தெர்மாமீட்டர் என்றதும் கொடைக்கானலைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு ஹிந்துஸ்தான் லீவர். 2001இல் முஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தார்கள்; ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டுப்போனது என்று வருடக்கணக்காகப் போராடினார்கள், நிறுவனம் மறுத்தது. 2016இல்தான் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெண் நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்கு நம் மலையும் நம் ஆட்களும் கொடுத்த விலை அது. பாதரசத் தெர்மாமீட்டர் இன்று உலகெங்கும் வழக்கொழிந்து வருவது நல்லதுதான்.

அண்ணன் மகள் ஓஎம்ஆரில் ஓர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிக் குழாயைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். அவள் விரலில் ஒரு மோதிரம், உள்பக்கம் சென்சார். தூங்கும்போது அதுவே அளந்து போனுக்கு அனுப்பிவிடுகிறது. அவள் தோழி ஒருத்தி வாட்ச் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். 2022இல் வந்த ஆப்பிள் வாட்சிலிருந்து இந்த வசதி இருக்கிறது, இரவில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மணிக்கட்டுச் சூட்டைப் பார்க்கும். ஸ்வீடனைச் சேர்ந்த எலினா பெர்க்லண்ட் என்ற இயற்பியலாளர், செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளைத் தேடிய குழுவில் இருந்தவர், காலை வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடும் செயலி ஒன்றைக் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். 2018இல் அமெரிக்க அரசு அதைக் கருத்தடை வழியாகவே அனுமதித்தது.

அண்ணன் மகள் வீட்டில் அவளும் கணவனும்தான். விடியற்காலையில் அதட்டுகிற குரல் கிடையாது. ஐந்து நிமிடம் என்ன, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை படுத்திருக்கலாம். வட்டமிட்டு ஒளிக்கவும் வேண்டாம். செயலியில் பதிவாகிறது, கணவன் போனிலும் தெரிகிறது. சித்தி ஒவ்வொரு நாளும் போராடி வாங்கிய ஐந்து நிமிடம் இவளுக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன்.

பதற்றம் குறைந்ததா என்றால் இல்லை. சித்திக்கு ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. வைத்துவிட்டுப் பெட்டியை மூடினால் மறுநாள் காலை வரை வேறு வேலை இருக்கும். இவள் பல் தேய்க்கும் முன் பார்க்கிறாள், கம்பெனி பஸ்ஸில் பார்க்கிறாள், மீட்டிங்கில் மேசைக்கடியில் பார்க்கிறாள். போன மாதக் கோட்டோடு இந்த மாதக் கோட்டை ஒட்டிப் பார்க்கிறாள். நைட் ஷிஃப்ட் வந்த வாரம் தூக்கம் மாறி வரைபடமே கலைந்துபோகிறது, அன்றெல்லாம் அழுகை.

இதற்கிடையில் அண்ணி. மகள் போனில் "சூடு ஏறியிருக்கும்மா" என்று சந்தோஷமாகச் சொல்ல, அண்ணிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சூட்டு உடம்பில் கரு தங்காது என்று கேட்டே வளர்ந்தவர். மறுநாளே திருச்சியிலிருந்து கிளம்பி வந்து ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் என்று ஆரம்பித்துவிட்டார். பப்பாளிக்கும் எள்ளுருண்டைக்கும் தடை. அண்ணி சொல்லும் சூடும் மோதிரம் காட்டும் சூடும் வேறுவேறு. ஏறிய அரை டிகிரி கருவைக் கலைக்க வந்ததில்லை. கருவைத் தாங்குவதற்கான ஹார்மோன் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். இதை நான் அண்ணியிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மோர் நிற்கவில்லை. வெயில் காலம், மோர் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

தெர்மாமீட்டரின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. சித்தி காலத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சூடு ஏறுவது முட்டை வெளியான பிறகு. வெளியான முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாகக் கிடையாது. ஆணின் உயிரணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்த ஆய்வு ஒன்று, கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்கள் ஆறு என்று காட்டியது: முட்டை வெளியாகும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள். கிராஃபில் கோடு ஏறியதைப் பார்த்துவிட்டு இன்றுதான் நல்ல நாள் என்று நினைத்தால், அந்த மாதத்துக்கான நேரம் பெரும்பாலும் முடிந்திருக்கும். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013இல் இந்தக் கிராஃபைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதியதற்கும் இதுதான் காரணம். செயலி முன்கூட்டியே சொல்லும் நாள்கள் முந்தைய மாதங்களை வைத்துப் போடும் மதிப்பீடுதான். மாதவிலக்கு முன்பின்னாக வருபவர்களுக்கு, குறிப்பாக நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, அது தவறவும் செய்யும்.

பிரயோஜனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால் முட்டை வெளியாகிறதா, எத்தனையாவது நாள் வாக்கில், அதற்குப் பிறகு மாதவிலக்குக்கு எத்தனை நாள் இடைவெளி என்று ஓரளவு தெரியும். ஆறு நாள் கீழே இருந்த சூட்டைவிட அடுத்த மூன்று நாளும் 0.2 டிகிரி செல்சியஸாவது மேலே நின்றால் முட்டை வெளியாகிவிட்டது என்று கொள்ளலாம். படியே தெரியாத கிராஃபை டாக்டரிடம் காட்டினால் அவர் அடுத்த சோதனைக்குப் போவார். இப்போது சென்னையில் டாக்டர்கள் பெரும்பாலும் கிராஃப் கேட்பதில்லை. ஃபாலிக்குலர் ஸ்டடி என்று ஸ்கேனில் முட்டை வளர்வதை நேரிலேயே பார்த்துவிடுகிறார்கள். ரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோனைப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், நாள் பார்க்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். 100 தம்பதியரில் 80க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே கருத்தரித்துவிடும். வருடம் தாண்டினால், 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் தாண்டினால், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை எந்தச் செயலியும் அண்ணன் மகளுக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் ராத்திரி பத்தரைக்கு எனக்குப் போன். "அத்தை, பதினேழு நாளாச்சு, கிராஃப் இறங்கவே இல்லை" என்றாள். குரலில் அவ்வளவு ஆசை. பதினெட்டு நாள் இறங்காமல் நின்றால் கர்ப்பம் என்பது பழைய கணக்கு. அந்த மாதம் டாக்டர் அவளுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரை கொடுத்திருந்தார். வெளியிலிருந்து கொடுக்கும் அந்த ஹார்மோனே சூட்டை மேலே நிறுத்தி வைக்கும், கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாத்திரையை நிறுத்தியதும் கோடு விழுந்தது, மாதவிலக்கு வந்தது. டைட்ரோஜெஸ்ட்ரோன் என்ற மாத்திரை இந்தச் சூட்டை ஏற்றுவதில்லை. ஒரே வேலைக்குக் கொடுக்கும் இரண்டு மருந்து, கிராஃபில் இரண்டு விதம். மாத்திரை எழுதும்போதே டாக்டர் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பெண் அப்படி உடைந்திருக்க மாட்டாள். மருந்து எடுக்கும் மாதத்தில் கிராஃபை நம்ப வேண்டாம் என்று நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி கதைக்கு வருகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் எழுதிய தாள்களை டாக்டர் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லா மாதமும் கோடு தெளிவாகப் படியேறியிருந்தது. கணவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். "ஆம்பளைக்கு என்ன சோதனை?" என்றது வீடு. சித்தப்பா போக மறுத்தார். அவர் வராமல் இனி உன்னைப் பார்க்க மாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் போனார். உயிரணு எண்ணிக்கை குறைவு. சித்திக்கு முட்டை ஒழுங்காக வெளியாகிறது என்பதற்கான சான்று அத்தனை நாளும் அந்த டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது. மலடி என்ற சொல்லை மட்டும் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பிறகு சில வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள்.

பிள்ளை தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. மோதிரமும் வாட்சும் அதைக் காட்டாது. அண்ணன் மகள் கணவன் முதல் தடவையே கூடப் போனான், கேட்பதற்கு முன்பே விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றும் இன்றும் என்று நான் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டச் சொன்னால், சென்சாரைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். எல்லா வீட்டிலும் இன்னும் இப்படி நடப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன் மகளுக்குக் கரு தங்கியது மருந்து எடுக்காத ஒரு மாதத்தில். எங்கள் பாட்டி காலத்தில் நாள் தள்ளிப்போய், "முழுகாம இருக்கா" என்று பெரியவர்கள் பேசி, மருத்துவச்சி நாடி பிடித்துச் சொன்ன பிறகே தெரியும். சித்தி காலத்தில் சிறுநீரை பாட்டிலில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போக வேண்டும். இவள் நாள் தள்ளிப்போன மறுநாளே பாத்ரூமில் கிட்டில் இரண்டு கோடு பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகும் மோதிரத்தைக் கழற்றவில்லை. ஒன்பதாவது வாரம் கோடு மெல்லச் சரிய ஆரம்பித்தது. கரு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். கணவன் அலுவலகத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கூட்டிப்போனான். ஸ்கேனில் துடிப்பு ஒழுங்காக இருந்தது.

டாக்டர் நிதானமாக விளக்கினார். முதல் சில வாரங்கள் சினைப்பையில் உள்ள மஞ்சள் திசு சுரக்கும் ஹார்மோன்தான் கருவைக் காக்கிறது. ஏழு முதல் பத்து வாரத்துக்குள் அந்தப் பொறுப்பை நச்சுக்கொடி எடுத்துக்கொள்ளும். கர்ப்பம் வளர வளர அடிப்படைச் சூடும் படிப்படியாகக் குறையத்தான் செய்யும். சூடு இறங்கியதை வைத்துக் கரு கலைந்தது என்றோ, நிற்பதை வைத்துப் பத்திரம் என்றோ சொல்ல முடியாது. ரத்தப்போக்கு, விடாத வயிற்றுவலி இருந்தால் உடனே வர வேண்டும். காய்ச்சல் என்றால் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் தள்ளிப்போடாமல் கூப்பிட வேண்டும். ஆரம்ப வாரங்களில் கடுங்காய்ச்சல் குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். பின்னாலும் எந்தத் தொற்று என்று பார்க்காமல் விடக் கூடாது. மோதிரத்தை ராத்திரியில் கழற்றி வைத்துவிடச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் மழை சீசனில் ஒருமுறை அவளுக்கு 101 வந்தது. நள்ளிரவு. டாக்டரைக் கூப்பிட்டார்கள், வரச் சொன்னார். டெங்குவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். பாராசிட்டமால் கொடுத்து, குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிட்டு, காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.